கழுத்து ரத்தக்குழாய் அடைப்பு: பிரஷர் உள்ளவர்களுக்கு ஆபரேஷன் செய்யலாமா?

நடவு வயலில் நிற்கும்போது வலது கை திடீரென்று மரத்துப்போகிறது. கையில் இருக்கும் நாற்று நழுவி விழுகிறது. பேச வாயெடுத்தால் நாக்கு குழறுகிறது. வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துப் பத்து நிமிடம் கழிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. "வெயில் மயக்கம்தான், ராத்திரி தூக்கமில்லை" என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் வயலில் இறங்கிவிடுகிறோம்.

வெயில் மயக்கம் உடம்பின் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துவிட்டுப் போகாது. அந்தப் பத்து நிமிடம், மூளைக்கு ரத்தம் போகும் வழியில் அடைப்பு இருக்கிறது என்பதற்கான எச்சரிக்கையாக இருக்கலாம். அந்த அடைப்பு கழுத்தில் இருந்தால் ஆபரேஷன் செய்து எடுக்க வழி உண்டு. ஆனால் இப்படி அடைப்பு வருபவர்களில் பெரும்பாலோருக்கு ரத்தக் கொதிப்பும் இருக்கும். "பிரஷர் இருக்கிறவருக்கு கழுத்தில் கத்தி வைக்கலாமா?" என்று குடும்பத்தார் பயப்படுவது இயற்கை. அந்தக் கேள்விக்கான பதிலை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

அடைப்பு எங்கே விழுகிறது?

கழுத்தின் இரு பக்கமும் விரல் வைத்தால் துடிப்பு தெரியும் அல்லவா, அதுதான் கரோடிட் என்ற கழுத்துத் தமனி. தாடைக்குச் சற்றுக் கீழே அது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முகத்துக்கும், இன்னொன்று மூளைக்கும் கண்ணுக்கும் போகிறது. வாய்க்கால் பிரியும் மதகடியில்தானே வண்டல் சேரும்? அதேபோல இந்தப் பிரிவில்தான் கொழுப்பும் சுண்ணாம்பும் படிகின்றன. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, பீடி சிகரெட், கெட்ட கொழுப்பு ஆகிய நான்கும் சேர்ந்தால் படிவு வேகமாக வளரும்.

படிவு வழியைக் குறுக்குவது ஒரு ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து, அதன் மேல்தோல் வெடித்து, அங்கே உறையும் ரத்தத் துணுக்கு மூளைக்குள் அடித்துச் செல்லப்படுவது. துணுக்கு தானாகக் கரைந்துவிட்டால் கை மரத்தது சில நிமிடத்தில் சரியாகும். கரையாவிட்டால் அது பக்கவாதம்.

எல்லாப் பக்கவாதத்துக்கும் கழுத்து அடைப்பு காரணம் இல்லை. இதயத்திலிருந்து வரும் ரத்தக்கட்டி, மூளைக்குள் இருக்கும் குழாய்களில் அடைப்பு, ரத்தக் கொதிப்பால் மூளைக்குள் ஏற்படும் கசிவு என்று வேறு காரணங்களும் உண்டு. மூளைக்குள் இருக்கும் குழாய் அடைப்பு மேல்நாட்டாரைவிட இந்தியர்களிடம் அதிகம் காணப்படுகிறது. அதனால் ஸ்கேன் பார்க்காமல் யாரும் காரணம் சொல்ல முடியாது.

வந்துபோன எச்சரிக்கை

இவற்றில் எது வந்தாலும், ஐந்தே நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

• முகம் ஒரு பக்கம் கோணுவது
• ஒரு பக்கக் கை அல்லது கால் மரத்துப்போவது, வலுவிழப்பது
• பேச்சு குழறுவது, பிறர் பேசுவது புரியாமல் போவது
• ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கியதுபோலப் பார்வை மறைந்து திரும்புவது

இப்படி எச்சரிக்கை வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மூன்று மாதத்துக்குள் முழுப் பக்கவாதம் வந்ததாக, 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அதில் பாதிப்பேருக்கு முதல் இரண்டே நாட்களுக்குள் வந்துவிட்டது. "அறுவடை முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது இந்த விஷயத்தில் மட்டும் கூடாது.

மீஞ்சூரிலிருந்து ராயபுரம் வரை

பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டிப் பக்கத்து விவசாயிகளுக்கும், எண்ணூர், திருவொற்றியூர் மீனவர், தொழிலாளர் குடும்பங்களுக்கும் அவசரம் என்றால் நினைவுக்கு வருவது ராயபுரத்தில் இருக்கும் அரசு ஸ்டான்லி மருத்துவமனை. அந்த மருத்துவமனைக்கு விவசாயக் குடும்பங்களோடு பழைய உறவு உண்டு. ஐதர் அலி படையெடுப்பும் பஞ்சமும் சேர்ந்து கிராமத்து மக்களைச் சென்னைக்குத் துரத்திய காலத்தில், 1782-இல் அங்கே கஞ்சித் தொட்டி திறந்தார்கள். மணியக்காரர் சத்திரம் என்று பேர் பெற்ற அந்த இடத்தைச் சுற்றி வளர்ந்ததுதான் இன்றைய மருத்துவமனை. பழைய ஆட்கள் இன்றும் "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்பார்கள். 1938-இல் அது மருத்துவக் கல்லூரி ஆனது.

இந்தப் பகுதியில் இன்னொரு சங்கடம் சாலை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் சாலையில் வரிசை கட்டி நின்றால் ஆட்டோவும் நகராது, காரும் நகராது. மூளை ரத்தக்குழாயில் சிக்கிய கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஆகவே சொந்த வண்டி தேடி நேரத்தைக் கழிக்காமல் 108-ஐ அழையுங்கள். அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை ஒரு தாளில் எழுதி, சாப்பிடும் மாத்திரை அட்டைகளோடு கையில் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்பது இந்த இரண்டைத்தான்.

யாருக்கு ஆபரேஷன் தேவை?

கழுத்தில் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் அடைப்பு எத்தனை சதவிகிதம் என்று தெரிந்துவிடும். வலி கிடையாது, ஊசி கிடையாது. தேவைப்பட்டால் சாயம் ஏற்றி சி.டி. ஆஞ்சியோவும் எடுப்பார்கள்.

கழுத்தைத் திறந்து குழாயைச் சுத்தம் செய்யும் இந்த ஆபரேஷன் 1950-களில் தொடங்கியது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் டாக்டர் டிபேக்கி 1953-இல் ஒன்று செய்தார். 1954-இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் செய்த ஆபரேஷன் மருத்துவ இதழில் வெளியாகி உலகின் கவனத்தைப் பெற்றது. ஆனாலும் யாருக்கு இதனால் உண்மையில் லாபம் என்பது 1991-இல்தான் தெளிவானது. எச்சரிக்கை அறிகுறி வந்து, 70 சதவிகிதத்துக்கு மேல் அடைப்பு இருந்தவர்களை வட அமெரிக்காவில் இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் அந்தப் பக்கத்துப் பக்கவாதம் வந்தது. ஆபரேஷன் செய்தவர்களில் 9 பேருக்கு மட்டுமே வந்தது.

அதிலிருந்து இன்றுவரை டாக்டர்கள் பின்பற்றும் கணக்கு இதுதான்:

• அறிகுறி வந்தவர், அடைப்பு 70 முதல் 99 சதவிகிதம்: ஆபரேஷனால் நல்ல பலன். எச்சரிக்கை வந்த இரண்டு வாரத்துக்குள் செய்தால் பலன் அதிகம்.
• அடைப்பு 50 முதல் 69 சதவிகிதம்: வயது, உடல்நிலை பார்த்து முடிவு.
• 50-க்குக் கீழே: மாத்திரை போதும்.
• முழுக்க 100 சதவிகிதம் அடைபட்டது: இந்த ஆபரேஷனால் பலன் இல்லை.
• அறிகுறியே இல்லாமல் தற்செயலாகக் கண்ட அடைப்பு: அவசரம் வேண்டாம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, டாக்டரோடு நிதானமாகப் பேசி முடிவெடுக்கலாம்.

கொதிப்பு தணியாமல் ஏன் மேசையில் ஏற்றுவதில்லை?

ஆபரேஷனுக்கு என்று போனவரை, "பிரஷர் 200 இருக்கிறது, முதலில் குறைய வேண்டும்" என்று வார்டில் படுக்க வைத்துவிடுவார்கள். "கைவிட்டுவிட்டார்கள்" என்று குடும்பம் கலங்கும். உண்மையில் அது கைவிடுவது அல்ல. பொதுவாக 180/110-ஐத் தாண்டிய கொதிப்போடு, அவசரமில்லாத ஆபரேஷனைத் தொடங்குவதில்லை. அந்த நிலையில் செய்தால் பக்கவாதம், மாரடைப்பு, கழுத்துக் காயத்தில் ரத்தக்கசிவு மூன்றுக்கும் வாய்ப்பு கூடுகிறது.

அதே சமயம் கொதிப்பை ஒரேயடியாகவும் இறக்கக் கூடாது. பல வருடம் உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிய மூளை, அழுத்தம் சட்டென்று குறைந்தால் தாங்காது. ஏற்கெனவே குறுகிய குழாய். அதில் வரத்தும் குறைந்தால் மூளையின் கடைமடைக்கு ரத்தம் எட்டாது. பிரஷர் ஏறிவிட்டது என்று நிஃபெடிபின் மாத்திரையை உடைத்து நாக்கின் அடியில் வைக்கும் பழைய பழக்கம் ஆபத்தானது என்று டாக்டர்கள் எச்சரிப்பது இதனால்தான். மாத்திரையைக் கூட்டி, அளவு பார்த்து, படிப்படியாக இறக்குவதே சரியான முறை. எச்சரிக்கை வந்தவருக்கு இதை மாதக்கணக்கில் இழுக்கவும் முடியாது. இரண்டு வாரக் கெடு ஒரு பக்கம், கொதிப்பு இன்னொரு பக்கம். அதனால்தான் வார்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த நாட்களில் வீட்டார் செய்யும் பெரிய தவறு, "நாளைக்கு ஆபரேஷன், இன்றைக்கு எதற்கு மாத்திரை" என்று தாங்களே நிறுத்துவது. அட்டினலால், மெட்டோபுரலால் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் கொதிப்பும் இதயத் துடிப்பும் எகிறும். சில மாத்திரைகளை அன்று காலை ஒரு வாய்த் தண்ணீரோடு கொடுக்கச் சொல்வார்கள். சிலவற்றை நிறுத்தச் சொல்வார்கள். எது எது என்று மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். ஆஸ்பிரினையும் அவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

ஆபரேஷன் அறையில் நடப்பது

கழுத்தில் சில அங்குல நீளம் கீறி, தமனியை மேலும் கீழும் கவ்வி வைத்து மூடி, திறந்து, படிவை உரித்தெடுத்து, மறுபடி தைப்பார்கள். பலருக்கு அந்த இடத்தில் ஒரு ஒட்டுத் துண்டு வைத்துக் குழாயை அகலமாக்குவதும் உண்டு. குழாய் மூடியிருக்கும் நேரத்தில் மறுபக்கத் தமனியும் பிற குழாய்களும்தான் மூளைக்கு ரத்தம் தர வேண்டும். அது போதாது என்று தெரிந்தால் ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிக வாய்க்கால்போல வைத்து ரத்தத்தை ஓடவிடுவார்கள். அந்த நேரத்தில் அழுத்தம் தாழ்ந்துவிடாமல் டாக்டர்கள் தாங்கிப் பிடிப்பார்கள்.

முழு மயக்கம் கொடுத்தும் செய்யலாம், கழுத்தை மட்டும் மரக்கச் செய்து விழிப்பு நிலையிலும் செய்யலாம். விழித்திருப்பவரிடம் "கையை அழுத்துங்கள், பேர் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டே செய்வார்கள். 2008-இல் வெளியான, 3,500-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வில் இரண்டு முறைக்கும் பலனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே எந்த முறை என்பதை டாக்டரே தீர்மானிக்கட்டும்.

சிலருக்குக் கழுத்தைத் திறக்காமல், தொடை வழியாகக் கம்பி செலுத்தி ஸ்டென்ட் வைப்பதும் உண்டு. அதற்குப் பிறகும் பிரஷர் கவனிப்பு இதே அளவு தேவை.

கடைமடைக்குத் திடீர் வெள்ளம்

பிரஷர் உள்ளவர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது ஆபரேஷனுக்குப் பிந்தைய நாட்களை. பல மாதம் தண்ணீர் எட்டாத கடைமடைக்கு, அடைப்பை எடுத்ததும் முழு மதகையும் திறந்துவிட்டால் என்ன ஆகும்? காய்ந்து கிடந்த வரப்பு உடையும். மூளையிலும் இதே கதைதான். குறைந்த ரத்தத்துக்குப் பழகி விரிந்து கிடந்த சிறு குழாய்கள், திடீரென்று வரும் முழு ஓட்டத்தைத் தாங்காமல் வீங்கலாம், சிலருக்கு வெடித்துக் கசியவும் செய்யலாம். நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பேருக்கு இந்தச் சிக்கல் வருகிறது. வந்தவர்களில் பெரும்பாலோர் கொதிப்பு கட்டுக்குள் இல்லாதவர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. உடம்பின் அழுத்தத்தை அளந்து மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள், கத்தி வைக்கும் அந்தப் பிரிவில்தான் இருக்கின்றன. அவை கலைவதால் சில நாள் அழுத்தம் ஏறியும் இறங்கியும் ஆட்டம் காட்டும். அதனால்தான் முதல் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து, விடாமல் அளந்து பார்க்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் குறைந்தது இரண்டு வாரம், காலையும் மாலையும் அளந்து குறித்து வையுங்கள். எந்த எண்ணைத் தாண்டினால் திரும்பி வர வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். கீழே சொல்பவை வந்தால் எண்ணுக்காகவும் காத்திருக்க வேண்டாம், உடனே 108:

• ஆபரேஷன் செய்த பக்கத்தில் கடுமையான தலைவலி
• வலிப்பு, குழப்பம், பார்வை மங்கல்
• கழுத்து வீங்குவது, மூச்சுத் திணறுவது
• கை கால் மறுபடி வலுவிழப்பது

குரல் கம்முவது, நாக்கு ஒரு பக்கம் இழுப்பது, காதோரம் மரத்திருப்பது பெரும்பாலும் நாளடைவில் சரியாகும். ஆனாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

உப்பும் புகையும்

ஆபரேஷன் ஒரு இடத்து அடைப்பை எடுக்கும். மற்ற குழாய்களில் படிவு வளர்வதை நிறுத்துவது நம் கையில்தான் இருக்கிறது. 2020-இல் தமிழகத்தில் நடந்த கணக்கெடுப்பில், பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான்.

மேல் அளவு 10 குறைந்தாலே பக்கவாத ஆபத்து ஏறக்குறைய கால்பங்கு குறைகிறது. ஒருவர் ஒரு நாளில் சேர்க்க வேண்டிய உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய சோற்றில் குறை இல்லை. அதற்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயும், மோர் மிளகாயும், காசிமேட்டுக் கருவாடும்தான் கணக்கை மீற வைக்கின்றன. சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் இருக்கவே இருக்கின்றன.

வடசென்னைக்காரர்களுக்கு இன்னொரு சுமை காற்று. அனல்மின் நிலையம், நிலக்கரி, சுத்திகரிப்பு ஆலை, லாரிப் புகை எல்லாம் சேர்ந்த நுண்தூசி, ரத்தக் கொதிப்பையும் பக்கவாத ஆபத்தையும் கூட்டுகிறது. அதைத் தனி ஆளாக நிறுத்த முடியாது. பீடியையும் அடுப்புப் புகையையும் நிறுத்த முடியும்.

வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவை

கேள்வி: செலவு தாங்குமா?
பதில்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் அட்டை பெறலாம். உங்கள் ஆபரேஷனுக்கு எவ்வளவு அனுமதி என்பதை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேளுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது.

கேள்வி: டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?
பதில்: அடைப்பு எத்தனை சதவிகிதம், எந்தப் பக்கம்? எனக்கு வந்த அறிகுறிக்கு அதுதான் காரணமா? இந்த மருத்துவமனையில் இந்த ஆபரேஷனில் பக்கவாதமோ உயிரிழப்போ நூற்றுக்கு எத்தனை? அறிகுறி வந்தவர்களுக்கு அது ஆறுக்குள்ளும், அறிகுறி இல்லாதவர்களுக்கு மூன்றுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது உலக வழக்கம். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

கேள்வி: ஆபரேஷன் முடிந்துவிட்டது. பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா?
பதில்: கூடாது. கழுத்து அடைப்பு பிரஷரால் வளர்ந்தது. அடைப்பை எடுத்ததால் பிரஷர் போய்விடாது. கொழுப்பு மாத்திரையும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும் தொடர வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரைப் பதிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: எப்போது வயல் வேலைக்குத் திரும்பலாம்?
பதில்: நடப்பது, லேசான வீட்டு வேலை சில நாளில் செய்யலாம். மூட்டை தூக்குவது, மண்வெட்டி பிடிப்பது, முதுகில் ஸ்பிரேயர் கட்டுவது ஆகியவற்றுக்குக் காயம் ஆறி, பிரஷர் நிலைபெற்று, டாக்டர் சம்மதம் சொன்ன பிறகே போங்கள். டிராக்டர், பைக் ஓட்டுவதும் அப்படியே.

கேள்வி: மூலிகைச் சாறு குடித்தால் அடைப்பு கரையாதா?
பதில்: 70 சதவிகித அடைப்பைக் கரைக்கும் என்று நிரூபிக்கப்பட்ட சாறு எதுவும் இல்லை. பூண்டோ, முருங்கையோ சமையலில் தாராளமாகச் சேருங்கள். அவற்றை நம்பி அந்த இரண்டு வாரத்தை மட்டும் இழந்துவிடாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் 104 என்ற எண்ணில் அரசின் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். வீட்டில் நாற்பதைத் தாண்டியவர்கள் இருந்தால், இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய்ப் பிரஷர் பாருங்கள். முதல் முறை இரண்டு கையிலும் அளக்கச் சொல்லுங்கள். காசு இல்லை, கால் மணி நேர வேலைதான்.